யூதக் கோடைக் கேம்ப்: நம் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி, 24 ஜூன் 2024
நியூ ஜெர்சிக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக்கு அருகில் யூத சமுதாய மையம் ஒன்று பகல் நேரக் கேம்ப் நடத்துகிறது. நீச்சல் நன்றாகச் சொல்லித் தருகிறார்களாம், பஸ்ஸும் உண்டு. நாங்கள் யூதர்கள் அல்ல. "அங்கே அனுப்பினால் உங்கள் மகள் அவர்கள் ஜெபத்தைச் சொல்லிக்கொண்டு வருவாள்" என்று பக்கத்து வீட்டுப் பெண் பயமுறுத்துகிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

26 ஜூன் 2024, இரவு
திங்கட்கிழமை முதல் நான் அப்படியொரு கேம்பில் நர்ஸ். பள்ளிக்கூடத்தில் பத்து மாத வேலை, கோடையில் இந்த எட்டு வாரம். ஊழியரின் பிள்ளை என்பதால் ஏழு வயது மகனுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது, அவனும் வருகிறான். எந்தக் கேம்ப் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளின் மருந்தும் நோயும் என் கையில் இருக்கும்போது பெயர் சொல்ல முடியாது.

பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது உண்மை. என் மகன் மூன்றே நாளில் அப்பத்துக்கான ஆசீர்வாதத்தை எபிரேயத்தில் சொல்கிறான். நேற்று இரவு சப்பாத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு 'ஹமோட்ஸி' சொல்லி முடித்தபிறகுதான் கடித்தான். நிலத்திலிருந்து அப்பத்தை வரச் செய்கிற இறைவனுக்கு வணக்கம் என்பதுதான் அதன் பொருள். அதைக் கேட்டு என் மாமியார் முகம் சுளிக்கவில்லை. "சாப்பிடும் முன் கும்பிடுவது நல்லதுதானே" என்றார்.

மதம் மாற்றும் பயம் வேண்டாம். வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கும் வழக்கம் யூதர்களிடம் இல்லை. தானாக வந்து சேர விரும்புகிறவரைக்கூட யோசித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்புவது அவர்கள் மரபு.

ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். ஒன்பது மணிக்கு மஞ்சள் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். எல்லாரும் கொடிக்கம்பத்தைச் சுற்றி நிற்பார்கள், அமெரிக்கக் கொடி ஒன்று, இஸ்ரேல் கொடி ஒன்று. மேலே நிற்கும் கவுன்சிலர், அதாவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இளம் ஊழியர், "போக்கர் தோவ்" என்று கத்துவார். காலை வணக்கம் என்று பொருள். நானூறு தொண்டை அதையே திருப்பிக் கத்தும். பிறகு பாட்டு, பிறகு குழு குழுவாகக் கலைந்து போவார்கள். நீச்சல், ஓவியம், பந்து, மறுபடி நீச்சல். நடுவே மதியச் சாப்பாடு. நான்கு மணிக்கு முன்பே பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பது அமெரிக்கக் கேம்ப் சங்கத்தின் அளவு. எங்களிடம் அதைவிட நெருக்கமாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் 'பெரியவருக்கு' வயது பதினெட்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

27 ஜூன் 2024
யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ போன நண்பர் ஒருவர், "தலைப்பில் 'கேம்ப்' என்று ஏன் எழுதுகிறீர்கள், தமிழில் பழகிய 'முகாம்' என்ற சொல் இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன், பிறகு 'யூத முகாம்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறார். அதே காரணம்தான், ஹிட்லரின் வதைமுகாம்கள் நினைவுக்கு வந்துவிடும். அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து எழுத என் கை வரவில்லை. தன் வீட்டில் முகாம் என்றால் முள்கம்பி, தறப்பாள், சோற்றுக்கு வரிசை என்று அவர் சேர்த்து எழுதியிருந்தார். பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் இடத்துக்கு அந்தச் சொல் வேண்டாம். கேம்ப் என்றே எழுதுகிறேன்.

28 ஜூன் 2024, வெள்ளி
இன்று கேம்பின் முதல் ஷப்பாத், வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாள். எல்லாரும் வெள்ளைச் சட்டை போட்டு வரவேண்டும் என்று தாளில் எழுதியிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. மகன் நீலச் சட்டையில் நின்றான். நானூறு வெள்ளைக்கு நடுவில் அவனை மருத்துவ அறை வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டேன். அவன் கவுன்சிலர் தன் பையிலிருந்து வெள்ளை டிசட்டை ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார். முழங்கால்வரை தொங்கியது.

சாப்பாட்டுக்கூடத்தில் இரண்டு மெழுகுவர்த்தி, திராட்சைச் சாறு, பின்னல்போல முறுக்கிச் சுட்ட ஹல்லா என்ற ரொட்டி. நான்கு வயதுக் குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசீர்வாதம் சொன்னார்கள். எனக்கு எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. அம்மா தலைக்குக் குளித்து, குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து, சூரியன் இறங்குகிற நேரத்தில் திரி ஏற்றுவார். எங்கேயோ இருக்கும் இரண்டு ஜனங்களுக்கு ஒரே கிழமை, ஒரே விளக்கு. இந்தக் கேள்வி கேட்ட தங்கைக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். பயப்பட ஒன்றுமில்லை, நம் வீடு மாதிரியேதான்.

30 ஜூன் 2024
வெள்ளி எழுதியதைத் திருத்துகிறேன். "நம் வீடு மாதிரியேதான்" என்பது அவசரத்தில் வந்த வார்த்தை.

எங்களோடு வேலை செய்யும் ஆசிரியை ஒருவரிடம் அதையே சொல்லிப் பூரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏற்றியது ஷப்பாத் விளக்கே அல்ல என்றார். பிள்ளைகளுக்குப் பழக்கிக் காட்டுவதற்காக ஏற்றியது. உண்மையான விளக்கை அவரவர் வீட்டில், சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பு ஏற்ற வேண்டும். இந்த மாதத்தில் இங்கே அது இரவு எட்டு மணிக்கும் மேல். ஏற்றிய பிறகு நெருப்பைத் தொடக்கூடாது, சமைக்கக்கூடாது. கடைப்பிடிக்கிறவர்கள் கார் ஓட்டமாட்டார்கள், விளக்குச் சுவிட்சைக்கூடத் தட்டமாட்டார்கள். சனி இரவு நட்சத்திரம் வரும்வரை அப்படித்தான்.

எங்கள் வெள்ளிக்கிழமையில் விளக்கேற்றிய கையோடு அம்மா அடுப்படிக்குத்தான் போவார். அன்று அவருக்கு வேலை குறையாது, கூடும். அங்கே அந்தச் சுடர் வேலையை நிறுத்துகிறது. இது சின்ன வேறுபாடு அல்ல. ஒன்றுபோல இருக்கிறது என்று மகிழ்ந்துவிட்டு நகர்ந்திருந்தால் இதைத் தெரிந்துகொள்ளாமலே போயிருப்பேன்.

2 ஜூலை 2024
சாப்பாடு பற்றிப் பலர் கேட்கிறீர்கள். பெரிய விஷயம் இதுதான், ஆகவே நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் கேம்பின் சமையலறை கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடப்பது. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. பாத்திரமே தனித்தனி. ஒரு நாள் இறைச்சி நாள், ஒரு நாள் பால் நாள் என்று பட்டியல் போடுகிறார்கள். இரண்டிலும் சேராத பொருளுக்குப் 'பார்வே' என்று பெயர்: காய், பழம், தானியம், எண்ணெய். நம் பிள்ளை சைவம் என்று எழுதிக் கொடுத்தால் இறைச்சி நாளில் பார்வே சாப்பாடு தனியாக வரும். பார்வே என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ஆனால் அன்று பாஸ்தாவின் மேல் சீஸ் கிடையாது. முதல் நாளே என் மகன் இதற்காக அழுதிருக்கிறான்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். மதியம் மருத்துவ அறையில் யாரும் இல்லை, என் டப்பாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்தில் மகன் குழுவின் மேஜையில் போய் உட்கார்ந்தேன். டப்பாவில் தயிர் சாதம். அன்று கோழித்துண்டு நாள். மூடியைத் திறந்ததும் சமையலறையிலிருந்து மஷ்கியாக் வேகமாக வந்தார். கோஷர் விதி மீறப்படாமல் பார்த்துக்கொள்வதே அவர் வேலை, அடுப்பைப் பற்றவைப்பது முதல் முட்டையை உடைத்து இரத்தப்புள்ளி பார்ப்பதுவரை அவர் கண் இருக்க வேண்டும். குரலை உயர்த்தவில்லை. குனிந்து, "அது பாலா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. டப்பாவை மூடிக்கொண்டு வெளியே மரத்தடிக்குப் போனேன். அவர் பின்னாலேயே ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். மேஜையை மட்டும் உடனே துடைத்துவிட்டார்கள்.

எங்கள் பாட்டி வீட்டில் 'பத்து' என்று ஒரு ஆசாரம் உண்டு. சோற்றுப் பானையைத் தொட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பாட்டி கத்துவார். அங்கே வளர்ந்தவளுக்கு இந்த மேஜைத் துடைப்பு புரியாமல் போகாது. ஆனால் பாட்டியிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். மஷ்கியாக்கிடம் சண்டை போட எனக்கு உரிமை இல்லை, நான் அவர்கள் வீட்டு விருந்தாளி. (இறைச்சி சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்துப் பால் சாப்பிடலாம் என்பதில் மட்டும் அவர்களுக்குள்ளேயே சண்டை. ஒரு கவுன்சிலர் ஆறு மணி என்கிறார். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் மூன்று மணி என்கிறார். தங்கள் ஊர் வழக்கம் ஒரு மணி நேரம்தான் என்று நெதர்லாந்துக் குடும்பத்துப் பையன் சொல்லி, எல்லாரும் அவனைப் பொறாமையோடு பார்த்தார்கள்.)

3 ஜூலை 2024
அவசரத் திருத்தம். பார்வே என்றால் சைவம் என்று எண்ணிக் "கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்" என்றேன். தவறு! மீனும் முட்டையும் பார்வேதான். டூனா மீன் சாண்ட்விச் பார்வே.

இன்னொன்று. நெருப்பில் வாட்டித் தின்னும் மார்ஷ்மெல்லோ மிட்டாய். சாதாரணக் கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் பன்றி ஜெலட்டின் இருக்கும் என்பதால் இங்கே வேறு வாங்குகிறார்கள். கோஷர் மார்ஷ்மெல்லோ பலவற்றில் மீன் ஜெலட்டின். என் மகன் நேற்று இரண்டு தின்றிருக்கிறான். பொட்டலத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவனுக்குச் சொல்லவில்லை, என் கணவரிடம் சொன்னேன். சைவக் குடும்பத்தார் பார்வே முத்திரையோடு நிறுத்தாமல் பொருள் பட்டியலையும் வாசியுங்கள். நேற்று என் வார்த்தையை நம்பிப் பதிவுப் படிவத்தில் எழுதியவர் யாராவது இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். நர்ஸாக இருந்துகொண்டு இதை நான் சோதிக்காமல் எழுதியிருக்கக் கூடாது.

நாளை விடுமுறை, ஜூலை 4.

8 ஜூலை 2024
"நர்ஸுக்கு அங்கே என்ன வேலை, பிள்ளைகள் விளையாடத்தானே போகிறார்கள்" என்று ஒருவர். வாருங்கள், காலை பத்தரை மணிக்கு என் அறை வாசலில் நின்று பாருங்கள்.

வயிற்றுவலி வரிசை. முதல் வாரம் முழுவதும் அதே நேரம், அதே முகங்கள். மூன்றாம் நாள்தான் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் பத்தே முக்காலுக்கு நீச்சல். தலையைத் தண்ணீருக்குள் விடப் பயம். காய்ச்சல் பார்ப்பதுபோல நெற்றியில் கை வைத்து, ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைப் பிடித்து நானே குளம்வரை நடந்து போனேன். இப்போது வரிசையில் இரண்டு பேர்தான் மிச்சம். அதில் ஒருவன் என் மகன்.

குளத்தில் ஒரு நல்ல வழக்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி. விசில் ஊதினால் எந்த இடத்தில் இருந்தாலும் ஜோடியின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும். கரையில் எண்ணுவார்கள். கணக்குச் சரியாகும்வரை ஒருவரும் அசையக் கூடாது. அந்த அரை நிமிட அமைதியில் குளத்துத் தண்ணீர் ஓரத்தில் மோதும் சத்தம் கேட்கும். என் வேலை நாளில் எனக்கு மூச்சு சீராக வருவது அந்த எண்ணிக்கை முடிந்த பிறகுதான்.

மதியம் விரல்முட்டி. கா-கா என்று ஒரு ஆட்டம். எண்கோண வடிவில் மரச்சுவர் கட்டிய குழி, உள்ளே ஒரே பந்து. உள்ளங்கையால் அடிக்க வேண்டும், முழங்காலுக்குக் கீழே பட்டவர் வெளியே. எபிரேயத்தில் தொடு, தொடு என்று பொருளாம். தரையோடு தரையாகப் பந்தை வாருவதால் எல்லாருக்கும் முட்டித்தோல் உரிந்திருக்கும். கட்டுப் போடும்போதே அடுத்த ஆட்டத்துக்கு இழுப்பார்கள்.

மாலையில் உண்ணி. பஸ் ஏறும் முன் காதுமடலுக்குப் பின்னால் பாருங்கள் என்று கவுன்சிலர்களிடம் கெஞ்சுகிறேன். இங்கே மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர்ப் பக்கம் 1970களில் பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியபோது கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். எண்ணெய் தடவுவது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் வேண்டாம். நுனி கூரான இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. தினமும் மாலை குளிக்கும்போது அக்குள், முழங்கால் மடிப்பு, தலைமுடி. இதை மட்டுமாவது செய்யுங்கள்.

10 ஜூலை 2024
பேன் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். வரும். யார் வீட்டுப் பிள்ளைக்கும் வரும், அழுக்கால் வருவதல்ல. அதற்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. பல கேம்ப்கள் கேட்பதில்லை. ஈர் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள். ஈரத் தலையில் கண்டிஷனர் தடவிப் பேன்சீப்பால் வாருங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை. நம் பாட்டிமார் திண்ணையில் உட்காரவைத்துச் செய்ததுதான்.

17 ஜூலை 2024
இன்று வெளியூர்ப் பயணம். அந்த நாளில் மட்டும் மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து. இறைச்சி கூடாது, கொட்டை கூடாது. காலையில் பஸ் வாசலில் டப்பாக்களைச் சோதிப்பது நான். என் மகன் டப்பாவில் தேங்காய் சாதம், என் மாமியார் கட்டிக் கொடுத்தது. முந்திரி போடவேண்டாம் என்று சொல்லியிருந்தேன், போடவில்லை. ஆனால் என் கையிலிருந்த பட்டியலில் மரக்கொட்டைகள் என்ற தலைப்பின் கீழ் தேங்காயும் இருந்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கணக்கு அது. என் மகனிடமிருந்து நானே வாங்கிவைத்தேன். வேறு பிள்ளையிடம் வாங்கும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான், விட முடியாது. சமையலறையில் ரொட்டியும் ஜாமும் கொடுத்தார்கள். பஸ் ஜன்னலில் அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி அனுப்பலாமா என்று கேட்டவருக்கு: பிள்ளையின் குழுவில் எள் ஒவ்வாமை உள்ளவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து எள்ளும் சட்டப்படி முத்திரையில் சொல்லவேண்டிய பெரிய ஒவ்வாமைப் பொருள். எங்கள் கூடத்தில் கொண்டைக்கடலையும் எள்விழுதும் சேர்த்து அரைத்த ஹும்முஸ் தினமும் உண்டு. ஆனால் ஒரு குழுவின் மேஜைக்கு மட்டும் அது போகாது.

19 ஜூலை 2024
பாதுகாப்பு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மழுப்பாமல் எழுதுகிறேன். வாசலில் துப்பாக்கியோடு காவலர் நிற்கிறார். போலீஸ் வண்டி வந்து போகும். அட்டை இல்லாமல் என்னையே ஒருநாள் உள்ளே விடவில்லை, தினமும் பார்க்கும் காவலர்தான். சென்ற அக்டோபரில் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய பிறகு இது கூடியிருக்கிறது என்கிறார்கள். என் மகன் முதல் நாளே "ஏன் போலீஸ்?" என்று கேட்டான். "உன்னைப் பார்த்துக்கொள்ள" என்றேன். "பள்ளிக்கூடத்தில் ஏன் இவ்வளவு பேர் இல்லை?" என்றான். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இஸ்ரேலிலிருந்து கோடைக்கு மட்டும் வரும் கவுன்சிலர்கள் சிலர் இருக்கிறார்கள், இராணுவச் சேவை முடித்த இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். சட்டையில் மஞ்சள் நாடா குத்தியிருக்கிறார்கள், காசாவுக்குப் பிடித்துச் செல்லப்பட்ட பிணைக்கைதிகள் நினைவாக. பிள்ளைகளோடு தரையில் உருண்டு விளையாடுகிறார்கள், மணலில் பிட்டா ரொட்டி சுடக் கற்றுத் தருகிறார்கள். காசா போர் பற்றி இந்த இழையில் சண்டை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கருத்து உண்டு, இங்கே எழுத வரவில்லை.

26 ஜூலை 2024
மக்காபியா முடிந்தது. எனக்கும் தொண்டை போய்விட்டது.

கேம்ப் முழுவதையும் நீலம், வெள்ளை என்று இரண்டாகப் பிரித்து மூன்று நாள் போட்டி. பெயர் பழங்கால யூதர்களான மக்கபேய வீரர்களிடமிருந்து வந்தது. 1932இல் டெல் அவிவில் தொடங்கிய யூதர்களின் விளையாட்டு விழாவுக்கும் இதே பெயர். எந்த நாளில் தொடங்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது, அதுதான் அதன் உயிர். வருடாவருடம் தீயணைப்பு வண்டி சைரன் ஊதிக்கொண்டு உள்ளே வந்து அறிவிக்குமாம்.

இந்த ஆண்டு வண்டி வந்தது, சைரன் இல்லை. ஓசையில்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் சுழன்றது. மேலே நின்றவர் நீல வெள்ளைத் துணியை விரித்தார். ஏன் என்று கேட்டேன். இஸ்ரேல் கவுன்சிலர்களுக்கு அது ஊரில் ராக்கெட் வரும்போது ஊதும் சத்தம், கேட்டால் உடம்பு தானாகப் பதறும், ஊதவேண்டாம் என்று இயக்குநர் முடிவு செய்தாராம். நானூறு பிள்ளைகளில் ஒருவர்கூட அது குறைவதைக் கவனிக்கவில்லை. என் அறைக்கு ஐஸ் வாங்க வந்த இஸ்ரேல் கவுன்சிலர் ஒருவர் மட்டும், "நல்லவேளை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

6 ஆகஸ்ட் 2024
நேற்றிலிருந்து சமையலறையில் இறைச்சி இல்லை. யூத நாள்காட்டியில் ஆவ் மாதத்தின் முதல் ஒன்பது நாள், எருசலேம் ஆலயம் அழிந்த துக்கத்துக்கான நாள்கள். பாஸ்தா, பீட்சா, மீன். என் மகனுக்குக் காரணம் தெரியாது, தினமும் சீஸ். வாழ்க்கையிலேயே நல்ல வாரம் என்கிறான். துக்க வாரத்தில் என் பிள்ளைக்கு மட்டும் விருந்து. அவனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாக் கேம்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு பள்ளியில் வேலை செய்யும் நர்ஸ் ஒருவர் ஆசாரமான கேம்பில் இருக்கிறார். அங்கே ஆண்பிள்ளைகள் பெண்பிள்ளைகள் தனித்தனி. இந்த ஒன்பது நாள் கேளிக்கைக்கு நீந்துவதும் இல்லை. எங்களுடையது சமுதாய மையம் நடத்துவது, கடைப்பிடிக்கிறவர், பிடிக்காதவர், என்போன்ற வெளியார் எல்லாரும் உண்டு. கேள்வி கேட்ட தங்கை சொல்வதும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன்.

13 ஆகஸ்ட் 2024, செவ்வாய்
காலையில் பஸ்ஸிலிருந்து குதித்த என் மகன் கொடிக்கம்பத்தை நோக்கி ஓடி, "போக்கர் தோவ்" என்று கத்தினான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. சுற்றிப் பார்த்தான். மறுபடி கத்தினான். அவன் கவுன்சிலர் பக்கத்தில் முழங்காலிட்டுக் காதில் ஏதோ சொன்னார்.

இன்று திஷா பஆவ், ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள், நோன்பு நாள். இரண்டு ஆலயங்களும் அழிந்த நாள் என்று வைத்திருக்கிறார்கள். முதலாவதை பாபிலோனியர் கி.மு. 586இல், இரண்டாவதை ரோமானியர் கி.பி. 70இல். இன்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதில்லை. தோல் செருப்பு போடுவதில்லை. பாட்டு இல்லை. நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் வேதத்தின் புலம்பல் நூலைத் தாழ்ந்த குரலில் வாசித்தாள். இழவு வீட்டில் பாய்கூட விரிக்காமல் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான், எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம்தான். பிறகு ஓவியம், கதை என்று மெதுவாகப் போனது.

பிள்ளைகள் நோன்பிருக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதின்மூன்று வயதிலிருந்துதான் கடமை. ஆனால் கவுன்சிலர்கள் சிலர் நேற்று சூரியன் மறைந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இருபத்தைந்து மணி நேரம். ஆகஸ்ட் வெயில். ஒரு மணிக்கு மைதானத்தில் ஒரு பெண் சரிந்து விழுந்தாள். தூக்கி வந்து படுக்கவைத்தேன், நாடி துடித்துக்கொண்டிருந்தது, உதடு வறண்டு வெடித்திருந்தது. தண்ணீர் நீட்டினேன். தலையை ஆட்டினாள். நான் கோபப்பட்டேன். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம், அவள் துக்க நாளில், குரலை உயர்த்திவிட்டேன்.

கேம்பின் ரபி, அவர்கள் மதகுரு, வந்தார். அவளிடம் எபிரேயத்தில் இரண்டு சொல் சொன்னார், 'பிக்குவாக் நெஃபெஷ்'. உயிரைக் காப்பது. அதற்கு முன்னால் ஏறக்குறைய எல்லாக் கட்டளையும் விலகிக்கொள்ளும் என்பது அவர்கள் சட்டம். குடிப்பது விட்டுக்கொடுப்பதல்ல, இப்போது அதுதான் கட்டளை என்றார். அவள் குடித்தாள். அழுதுகொண்டே குடித்தாள்.

14 ஆகஸ்ட் 2024
நேற்று எழுதியதை இப்போது படித்தேன். ஒன்று விட்டுப்போயிற்று. என்னிடம் தண்ணீரும் உப்புக் கரைசலும் இருந்தன, பதினாறு வருட அனுபவம் இருந்தது. அவள் உதட்டைத் திறக்க வைக்க அந்த இரண்டு சொல் என்னிடம் இல்லை. முதல் நாளிலேயே ரபியிடம் போய், "நோன்பு நாளில் யாராவது விழுந்தால் என்ன சொல்ல வேண்டும்" என்று கேட்டிருக்க வேண்டும். ஒவ்வாமைப் பட்டியலை மூன்று முறை வாசித்தவள் இந்தப் பஞ்சாங்கத்தை ஒருமுறையும் வாசிக்கவில்லை. இன்று அவளிடம் குரல் உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். கட்டிக்கொண்டாள்.

16 ஆகஸ்ட் 2024, வெள்ளி
கடைசி நாள். அனாதையாக நின்ற துண்டுகளை வேலி நெடுக உலர்த்தினோம், அறுபத்து மூன்று. பெயர் எழுதாதவை எல்லாம் தானத்துக்கு. என் மகன் பத்தே முக்கால் நீச்சலில் ஆழப்பகுதிச் சோதனையில் தேறிப் பச்சைக் கைப்பட்டை கட்டிக்கொண்டு வந்தான். வயிற்றுவலி வரிசை காலி.

இரவு வீட்டில் அம்மாவின் குத்துவிளக்கை ஏற்றினேன். நீண்ட நாளாகப் பரணில் இருந்தது. மகன் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றான். "நமக்கு என்ன சொல்ல வேண்டும்?" என்று கேட்டான். அம்மா என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்தேன். வாய் அசையும், சத்தம் வராது. இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் நான் கேட்டதில்லை. உடனே காரைக்குடிக்குப் போன் போட்டேன். அங்கே விடியற்காலை. அம்மா தூக்கக் கலக்கத்தில் சொன்னார், பையன் ஸ்பீக்கரில் கேட்டுத் திருப்பிச் சொன்னான். மூன்று வரிதான்.

22 ஜனவரி 2025
இழை தூங்கிவிட்டது, ஒரு செய்தி சொல்ல எழுப்புகிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்த மாதம் தன் மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டது. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "அது கொட்டை இல்லை என்று நான் அன்றே சொன்னேன்" என்றார். ஆனாலும் உங்கள் கேம்பின் விதி தனியாக இருக்கலாம், கேட்டுவிட்டே அனுப்புங்கள்.

கேள்வி கேட்ட தங்கை மகளுக்குப் பதிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார். நல்லது. குளிர்காலத்திலேயே பதிந்தால் கட்டணம் குறைவு. இரண்டு நீச்சலுடை வாங்குங்கள், மதிய நீச்சலுக்கு ஈர உடை மாட்டப் பிள்ளைகள் அழுவார்கள். துண்டில் பெயர் எழுதுங்கள், துவைத்தாலும் போகாத மையால். பார்வே பொட்டலத்தைத் திருப்பி வாசியுங்கள். வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டை. மகனுக்கு அன்று மாட்டிவிட்ட பெரிய டிசட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்தேன், அந்தக் கவுன்சிலர் வாங்கவில்லை. அது இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. இந்தக் கோடைக்கும் அவனுக்குப் பெரிதாகத்தான் இருக்கும்.